பாகம் பிரித்த கம்பெனி

அப்பா தொடங்கிய நூற்பு இயந்திரக் கம்பெனியை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது, வார்ப்படப் பட்டறை அண்ணனுக்கும் இயந்திர வரைபடங்கள் தம்பிக்கும் போயின. அதன்பிறகு ஒன்பது வருஷமாக இருவராலும் ஒரு முழு இயந்திரம் செய்ய முடியவில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை.

ஒருநாள், அப்பா செய்த இயந்திரம் இன்னும் ஓடும் பழைய மில் ஒன்று அதற்குப் பல்சக்கரம் கேட்டு இருவருக்கும் எழுதியது. தம்பி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றார்.

"சண்டை போட வந்தியா?" என்றார் அண்ணன்.

"அதுக்கெல்லாம் தெம்பில்லண்ணே. சக்கரம் வார்க்கணும்."

அண்ணன் பெருமூச்சோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கும் முடியலடா. உட்காரு."

முதல் வார்ப்பு விரிசல் விட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டாவது தேறியது. சக்கரம் அனுப்பும் பெட்டியில் யார் பெயரைப் போடுவது என்று பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்.

"எதையாவது போடுப்பா" என்றார்கள் இருவரும்.