தானாய் ஏறிய நிறம்

சுகப்பிரியா தண்ணீர் ஸ்பூனைத் தகப்பனின் உதட்டுக்கு ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தாள். கட்டிலில் கிடந்த கொம்பையாவின் கண் ஸ்பூனை விட்டு நகரவில்லை. உதடு வெடித்து, கடைவாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அந்தக் காசு எனக்கு வேணும்ப்பா. சாவியத் தாங்க, தண்ணி தாரேன்.”

காலை பத்து மணி. ஊசி போடுகிற நர்சம்மாவைக் கூட்டிவர அம்மா கோமதியம்மாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தாள். திரும்பிவர எப்படியும் அரைமணி ஆகும். சுகப்பிரியாவுக்குக் கிடைத்தது அந்த அரைமணிதான்.

கிட்னி ரெண்டும் போய்விட்டது, இனிமேல் வீட்டில் வைத்து அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பி மூன்று நாள் ஆகிறது. அவருக்குப் பிடித்தது எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் கிடந்தது.

பெட்டிக்குள் நானூற்றுச் சொச்சம் செப்புச் சதங்கள், இலங்கையின் பழைய சில்லறைக் காசு. ஒரகடத்தில் உலோகத்துக்கு முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஆசிட் தொட்டி ஓரத்தில் நின்றவர் கொம்பையா. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த புதிதில், கழிவுச் செம்பு மூட்டைக்குள் ஒரு இலங்கைச் சதம் அகப்பட்டது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பனைமரம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். எந்தப் பழைய இரும்புக் கடையில் செப்புச் சதம் இருக்கிறது என்று காதில் விழுந்தாலும் சைக்கிள் கிளம்பிவிடும். பளபளக்கிற காசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தானாய் நிறம் ஏறின காசு வேண்டும் அவருக்கு. யாரும் தேய்க்காமல் கழுவாமல், காற்றை மட்டும் குடித்து நூறு வருஷம் கிடந்தால் செம்பு முதலில் ஈரல் நிறம் ஆகும். பிறகு வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் புறாக் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் ஓடும். அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிவைத்து ஒரே நாளில் கறுக்கவைத்து விற்கிற ஆட்களும் உண்டு. கொம்பையா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பகல் முழுக்க ஆசிட்டில் முக்கி உலோகத்துக்குத் தோல் உரிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் உரியாத தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டு ஆட்களின் தோல் அந்தக் கணக்கில் வராது.

ஒன்பது வயதில் சுகப்பிரியா ஒரு சதத்தை எடுத்துப் பார்த்தாள். இருந்ததிலேயே நல்ல காசு அது. கையில் தோசை எண்ணெய். பெருவிரலால் பனைமரத்தை ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். ஒரு மாதம் போவதற்குள் அந்த இடம் மட்டும் கறுத்து, மரத்தின் மேல் பிள்ளையின் ரேகை சுழிசுழியாக எழுந்து நின்றது. துடைத்தால் நிறம் போய்விடும். விட்டால் ரேகை போகாது. கொம்பையா இரண்டு நாள் லென்ஸும் கையுமாகப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டு, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் அந்தப் பெருவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார்.

“வெரலுக்கு ஞாபகம் இருக்கணும்லா” என்றார், ஓடிவந்த பெண்டாட்டியிடம்.

புண் ஆறியது. ரேகை திரும்ப வரவில்லை. விரல் நுனி பலாக்கொட்டை போல வழவழவென்று ஆகிவிட்டது. ஆதார் எடுக்கப் போனால் மெஷின் அந்த விரலை வாங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்த அன்று, பஞ்ச் மெஷினில் வேறு விரலைப் பதிந்துகொண்ட சூப்பர்வைசர், “இன்னாமா, எங்கயாவது கேஸ்ல மாட்டிக்குவோம்னு அழிச்சிக்கினியா?” என்று சிரித்தான். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கொம்பையா அந்தக் காசைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். காசு பார்க்க யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார். “நூறு வருசம் தானா பழுத்தது. எம் மவ, சவத்து மூதி, ஒரு நிமிசத்துல கெடுத்துட்டா.” லென்ஸ் வைத்துக் காட்டுவார். வந்தவர்கள் காசையும் பார்ப்பார்கள், டீ கொண்டுவந்து வைக்கிற பிள்ளையின் கையையும் பார்ப்பார்கள்.

பதினைந்து வருஷமாக அந்தக் காசின் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். போன மாதம் கம்பெனி ஹாஸ்டலில் துணி துவைத்துவிட்டு, ஊறிச் சுருங்கின கைவிரல்களைப் பார்த்தபோதுதான் திடுக்கென்று தட்டியது. மற்ற ஒன்பதிலும் கோடு இருந்தது. பத்தாவது விரலின் கோடு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு சதத்தின் மேல்தான். அதற்குப் பிறகு கம்பெனி லைனில் வேலைக்கு நின்றாலும் படுத்தாலும் அதே நினைப்பு. அப்பாவுக்கு சீரியஸ் என்று லீவு சொல்லி வந்ததும் அதற்காகத்தான்.

“எந்தக் காசு?” கொம்பையாவின் குரல் வெறும் காற்றாக வந்தது.

“பனமரத்துல என் வெரல் பட்டுச்சே, அது.”

அவர் முகத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

“கெட்டுப்போன காசுட்டி அது.”

“கெட்டதத்தான கேக்கேன். நல்லத எல்லாம் நீங்களே கட்டிக்கிட்டுப் போங்க.”

“சுத்தி இருக்க நெறம் கெடல.” மூச்சு வாங்கினார். “நீ தொட்டா… அதும் போயிரும். தண்ணி ஊத்துட்டி.”

“சாவி.”

ஸ்பூன் அரைச் சாண் கிட்டே போயிற்று. அவர் நாக்கு வெளியே வந்தது. ஸ்பூன் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் மகள் முகத்தை இத்தனை நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கொம்பையா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். வாயை மூடினார். பல்லைக் கடித்தது தாடையில் தெரிந்தது. வலது கை ஊர்ந்துபோய் அரைஞாண் கயிற்றின் மேல் படுத்துக்கொண்டது.

“அப்ப கெடங்க” என்று ஸ்பூனைத் தம்ளருக்குள் போட்டாள்.

அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். இரண்டு தரம் களைந்த அரிசியை மூன்றாம் தரமும் களைந்தாள். ஒரு முனகல் கேட்டால் போய்விடுவது என்று காதை அங்கேதான் வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. வாய் மூடியது மூடியபடி இருந்தது.

நர்சம்மா வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசியைப் பையிலிருந்து எடுக்காமலே பையை மூடினாள். கோமதியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கடைசில தண்ணி குடுத்தியாட்டி?”

“குடுத்தேன்.”

“குடிச்சாவளா?”

“ரெண்டு மடக்கு.”

“அந்த மட்டுக்கும் எம் மவ கையால வாங்கிக்கிட்டாவளே” என்று கோமதியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

சுகப்பிரியா குனிந்து, அவர் கையை விலக்கிக் கயிற்றில் சாவியைத் தேடினாள். அம்மா அவள் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாள். “உடம்புல சூடு அடங்கலட்டி இன்னும். என்ன பிறவி நீ?”

ஊரிலிருந்து ஆட்கள் வந்துசேர மறுநாள் ஆகிவிடும். உடம்பு ஊதிப்போயிருந்தது, தாங்காது. மதியமே எடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு சவரியம்மாள்தான் முடிவுசெய்தாள். மணப்பாக்கம் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும், இந்த பிளாட்டுத் தெருவில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவள் வந்து நிற்காமல் ஒன்றும் நடக்காது. சாவுக்காரியம் செய்கிற தாண்டவராயனுக்கு போன் போட்டது அவள்தான். குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்து வைத்ததும் அவள்தான்.

சுகப்பிரியாவுக்குக் கம்பெனியில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தெருமுனைக்குப் போனாள். சூப்பர்வைசர் ரகுபதி மூன்றாம் தடவைதான் எடுத்தான்.

“நேத்து சீரியஸ்னுதானமா சொன்ன?”

“இப்ப இறந்துட்டாங்க சார்.”

“ஷிப்ட்டுக்கு ஆளே இல்ல தெரியுமா? லைன்ல நாலு பேரு ஷார்ட்டேஜ். இரு.” யாரோடோ பேசினான். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் அவள் வெயிலில் நின்றாள். “ஆ, ஹலோ. ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டுடு. மாலை போட்டா மாதிரி எடு. சும்மா தூங்குறவர எடுத்து அனுப்பிடுறாங்கமா, ஹெச்சார்ல நம்ப மாட்றாங்க.”

“சரி சார்.”

திரும்பி வந்தபோது கொம்பையாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். புது வேட்டி, தாடைக்கட்டு, ரோஜா மாலை. கயிற்றில் சாவி இல்லை. அம்மாவிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று, முதலில் போனை எடுத்துப் பிடித்தாள். திரையில் முகம் சரியாக வரவில்லை. நெற்றியில் வெயில் பட்டு ஏதோ கண்ணைக் கூசவைத்தது. ஒரு அடி தள்ளி நின்று பிடித்தாள். அப்போதும் கூசியது. விரலால் திரையைப் பெரிதாக்கினாள்.

நெற்றிச் சந்தனத்தின் நடுவே ஒரு காசு. அடுப்புத் தணல் மாதிரி சிவந்து மின்னியது. பனைமரம். ஓலை ஓலையாக எண்ணலாம் போல.

“எப்டி மின்னுது பாத்தியா?” சவரியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “நெத்திக்காசு வைக்கணும், ஒரு ரூவா குடுன்னு தாண்டவராயன் கேக்குறான். தெருவுல ஒருத்தன் கிட்ட இல்ல சுகா. அல்லாம் போன்லதான் காசு. கடைக்காரன கேட்டா மிட்டாய எடுத்து நீட்டுறான். நாந்தான் சொன்னேன், இன்னா கோமதிக்கா, வூடு நெறைய காச வச்சிக்கினு பக்கத்து வூட்ல போயி கேட்டுக்கினு கீறியேன்னு. அப்பறம்தான் பொட்டியத் தொறந்தாங்க. கரி மாரி இருந்துச்சு. அத்தப் போயி சாவு நெத்தில வைப்பாங்களா? மனுசன் ஆசையா சேத்தது. புளியும் உப்பும் போட்டு ஒரு தேய். எங்க கோயில் மெழுகுத்தி ஸ்டாண்டு அல்லாம் பன்னெண்டு வருசமா நாந்தான் தேய்க்கிறேன், ஃபாதரே சொல்வாரு, சவரியம்மா கை பட்டா இரும்பும் தங்கமாயிடும்னு.”

“எந்தக் காச எடுத்தீங்கம்மா?” என்று சுகப்பிரியா அம்மாவைக் கேட்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கோமதியம்மாள் மகளைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். காதோடு பேசினாள்.

“அந்தச் சனியந்தான்ட்டி. மேலயே கெடந்துச்சு. எம் பிள்ள வெரலத் தின்ன காசு, அவுகளோடயே எரிஞ்சு போவட்டும்னு அத எடுத்துக் குடுத்தேன். இனி ஒரு பய அதக் காட்டி ஒன்னயப் பேச மாட்டான். ஒனக்காவத்தான்ட்டி செஞ்சேன்.” வழவழத்த பெருவிரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுகப்பிரியா கையை விடுவித்துக்கொண்டு நெற்றியை நெருங்கிக் குனிந்தாள். இடது பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். வலது பக்கம் வந்து பார்த்தாள். வெட்டிய வயர் முனை போலச் சுத்தமான செம்பு. சுழி இல்லை, கோடு இல்லை.

“தொட்டுடாதமா. சந்தனம் காயல” என்றார் தாண்டவராயன், பாடையில் கீற்றைக் கட்டிக்கொண்டே.

“தொடல.”

“நல்லாருக்குல்ல?” என்றாள் சவரியம்மாள்.

“நல்லாருக்கு அக்கா.”

போட்டோ எடுத்தாள். அனுப்பினாள். போனை இடுப்பில் செருகினாள்.

“அப்டியே ஒரு வேல செய். அந்தப் புளித்தண்ணி அங்கயே கீது பாரு, கொட்டாங்கச்சில. எடுத்து ஓரமா ஊத்திடு. வாசல்ல ஊத்தாத, தூக்குறவங்க காலு வழுக்கும்.”

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை இருந்தது. பாதி அளவு தண்ணீர், நடுவில் கசங்கின புளி. பழுப்பாக, ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடிக் கிடந்தது. காசிலிருந்து உரிந்த நிறமும் ரேகையும் அதற்குள்தான் கரைந்திருந்தன. சுகப்பிரியா உட்கார்ந்து இரண்டு கையாலும் எடுத்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் எல்லைக்கல் நட்டுப்போட்ட காலி மனைக்குப் போனாள். தளும்பாமல் இருக்க ஒவ்வொரு அடியாக வைத்தாள்.

வாசலில் சங்கு ஊதினார்கள். பெண்கள் சத்தம் எழுந்தது.

“பெத்த பொண்ணு எங்கமா? வாய்க்கரிசிக்கு வரச் சொல்லு” என்று தாண்டவராயன் கூப்பிட்டார். பிறகு சவரியம்மாள் கூப்பிட்டாள். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

“வாரேன்” என்றாள்.

சிரட்டையில் தண்ணீர் அசையாமல் நின்றது. அவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.