நடுவில் ஒரு அட்டை

சாயங்காலம் வருவதாகப் பெயிண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மீனை எடுத்துப் போகத்தான் வருகிறார் என்று தையல்காரிக்குத் தெரியும். வாக்குக் கொடுத்த கணவர் போய்ச்சேர்ந்துவிட்டார். வாக்கு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவருக்குச் சண்டை மீன் என்றால் உயிர். ஆனால் சண்டைக்கென்றே வளர்க்கிற ஜாதியைப் பார்த்தால் மனசு கேட்காது. "சாகிறவரைக்கும் கடிக்கும். ஓடித் தப்பிக்கணும்னு தோணவே தோணாது. வளத்து வளத்து அந்தப் புத்தியையே எடுத்துட்டானுங்க" என்பார். வாய்க்காலில் பிறந்த காட்டு மீன் அப்படியில்லை. நாலு கடி கடிக்கும். தோற்றால் புல்லுக்குள் ஓடிப் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டையும் கலந்தால் என்ன என்று அவருக்கு ஒரு பித்து. முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு காட்டுப் பெட்டையைப் பிடித்துவந்தார். தோல்வியே காணாத தன் ஆண் மீனைப் பட்டறைக் கூட்டாளியான பெயிண்டர் இரவல் கொடுத்தார். பிறக்கிற குஞ்சில் ஒரு ஆண் தனக்கு, அதுவும் சண்டைக்கு என்பது பேச்சு. நிறையக் குஞ்சு வரும், ஒன்று போனால் போகட்டும் என்று இவரும் தலையாட்டிவிட்டார்.

"அப்பன் ரவுடி, ஆத்தா பயந்தாங்கொள்ளி. புள்ளைங்க யாரு மாதிரி வருதுன்னு பாப்போம்" என்று சிரித்தார்.

குஞ்சுகள் பாட்டிலுக்கு ஒன்றாக வளர்ந்துவந்தன; பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நெஞ்சு வலிக்கும்போதும் "இந்த ஒரு பீஸை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று லேத்தை விட்டு நகராதவர், அங்கேயே சரிந்தார்.

துக்க வீட்டுக்கு ஆட்கள் வருவார்களே என்று நாத்தனார் மீன் பாட்டில்கள் அடுக்கிய அலமாரியைச் சுத்தம் செய்தாள். மீனுக்கு மருந்தென்று அவர் போட்ட காய்ந்த இலை ஊறிப் பழுப்பேறிய தண்ணீர் அவள் கண்ணுக்குச் சாக்கடையாகத் தெரிந்தது. எல்லா பாட்டில்களையும் கவிழ்த்துக் கழுவி, குளோரின் வாடை மாறாத குழாய்த் தண்ணீரைப் பளிச்சென்று நிரப்பிவைத்தாள். விடிந்தபோது குஞ்சுகள் எல்லாம் மேலே மிதந்தன. தையல் மேசையில், துணிக்குவியலுக்குப் பின்னால் இருந்த ஒரு ஆண் குஞ்சு மட்டும் தப்பியது. அண்ணனைப் பறிகொடுத்து நிற்பவளிடம் மீனுக்காக என்ன கேட்பது?

இப்போது வளர்ந்து நிற்கிற அந்த ஒன்றுக்குத்தான் ஆள் வருகிறது.

கல்யாணமான புதிதில் அவளும் ஒரு கூத்து செய்திருந்தாள். ஒரு மீன் இன்னொன்றைப் பார்க்காதபடி பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகியிருக்கும். தூசி தட்டுகிறேன் என்று எல்லா அட்டைகளையும் உருவிவிட்டாள். பகலெல்லாம் ஒன்றையொன்று முறைத்துச் சிலிர்த்து, சாயங்காலம் எல்லாம் துவண்டு கிடந்தன. எதிரியைக் காட்டினாலும் செவுளை விரிக்கவில்லை. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "என் ரவுடிங்களையெல்லாம் ஒரே நாள்ல சாமியாராக்கிட்டியேடி!"

பெயிண்டர் வரவேண்டிய இந்த நாள் காலையில், அளவு பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி பாட்டிலோடு சாய்த்துவைத்தாள்.

மீன் கருத்தது. செவுள் மூடியைச் சட்டைக் காலர்போலத் தூக்கிக்கொண்டு தன் உருவத்தின்மேலேயே பாய்ந்தது. கண்ணாடிச் சுவரில் அது முட்டும்போதெல்லாம் இவள் கால் தையல் மிஷின் மிதியில் தடுமாறியது. ஒரு தடவை எழுந்துபோய்க் கண்ணாடியில் கை வைத்துவிட்டு, எடுக்காமலே திரும்பினாள். மத்தியானத்துக்கு மேல் அதன் பாய்ச்சல் குறைந்தது. பிறகு அடியில் கிடந்த இலைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் கண்ணாடியைத் துணிக்குவியலுக்கு அடியில் தள்ளினாள்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளை ரெடியா?" பெயிண்டர் பையிலிருந்து தன் மீன் பாட்டிலை எடுத்தார். ஜோடி காட்டி, சிலிர்க்கிறதா என்று பார்க்காமல் எந்த மீனையும் சண்டைக்கு எடுக்கமாட்டார்கள்.

"நீங்களே பாருங்கண்ணே."

நடுவில் ஒரு அட்டையை நிறுத்தி இரண்டு பாட்டில்களையும் ஒட்டிவைத்து, பிறகு அட்டையை உருவினார். அவருடைய மீன் தீயாய்ப் பொங்கியது. இது ஒரு தடவை பார்த்தது. திரும்பி இலைக்கடியில் புகுந்துகொண்டது.

"அட, தொடைநடுங்கி! அப்பன் மானத்தையே வாங்கிட்டியே!" என்றவர் உட்கார இடம் தேடித் துணியை ஒதுக்கினார். கண்ணாடி கையில் தட்டியது.

அதைப் பார்த்தார். சுவரில் வெறுமனே நின்ற ஆணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ அட்டைய உருவுன கதைய அவன் பட்டறையில சொல்லாத நாள் கிடையாது" என்றார் மெதுவாக. "வயிறு வலிக்கச் சிரிப்போம்."

"அண்ணே, அவர் குடுத்த வாக்கு..."

"மீனைக் காட்டுன, நானும் பாத்துட்டேன். சண்டைக்கு ஆகாது. வாக்கு முடிஞ்சுது."

தன் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியை எடுத்துப்போய் அவரே ஆணியில் மாட்டினார். மீன் அதில் தன்னைப் பார்த்துவிடக்கூடாது என்று அட்டையைப் பாட்டிலின் அந்தப் பக்கமாக நிறுத்தினார்.

"கொஞ்ச நாளைக்கு எதையும் காட்டாத, தங்கச்சி. அலுத்துக் கிடக்கு. தூங்கட்டும்."