மூட்டக்குழிப் படை

அம்மா இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். ஓட்டைப் பானையில் வைக்கோல் புகைந்தது. அத்தனை புகையும் குழிக்குள் போனது. குழிக்குள் அப்பா இருந்தார், பக்கத்து வீட்டுப் பராசரன் மாமாவும் இருந்தார்.

அது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன்.

எல்லையில் சண்டை என்று டிவியில் சொன்ன வாரத்தில் தொடங்கியது இது. மாமாவின் மகன் ஸ்காட்லாந்தில் இருக்கிறான்; அவன் சொன்ன கதைதான் காரணம். உலகப்போரின்போது அந்த ஊர் விவசாயிகள் நிலத்துக்கடியில் பதுங்கி, எதிரி வந்தால் பின்னாலிருந்து தாக்கக் காத்திருந்தார்களாம். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம்.

"ஓய் தைரியராஜ், அதான் விஷயமே. ஆத்துக்காரிட்ட மூச்சு விடப்படாது," என்றார் மாமா.

"லூர்துராணிக்குத் தெரிஞ்சா மேலூர் பூரா தெரிஞ்சிரும் சாமி," என்றார் அப்பா.

எங்கள் மேலூரை ஒட்டிய ஸ்ரீரங்கத்தைக் காக்க இரண்டு பேர். ஆயுதம், வாழைத்தார் வெட்டும் அரிவாளும் ஒரு ஃபிளாஸ்க் காபியும். புதுக்குழி வெட்ட இடுப்பு ஒத்துழைக்கவில்லை. தோப்பில் வாழைக்காய் பழுக்கப் போடும் மூட்டக்குழியையே எடுத்துக்கொண்டார்கள். இன்று சாயங்காலம் முதல் ஒத்திகை. மேலே மூங்கில், சருகு, மண் போட்டு மூடியது நான். பார்த்தால் தார் அடுக்கியது போலவே இருக்கவேண்டும் என்றார் மாமா. இருந்தது.

எங்கள் வீட்டில் தார் அடுக்குவது அப்பா, புகை போடுவது அம்மா.

"மூடிட்டு அப்படியே போயிட்டாரு பாரு உங்கப்பா. மாதா கோயில் திருவிழாவுக்குப் பழம் வேணாமா?" அம்மா மண் குழைத்து விளிம்பெல்லாம் பூசினாள்.

"நாளைக்குப் போடலாம்மா..."

"ஏன்டி?"

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா மறுபடி ஊதினாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

"என்னடி இது, காய் இருமுது?"

அப்போதுதான் கத்தினேன். இருவரும் மூங்கிலை இழுத்தோம். மாமா நாமம் கரைந்து வழிய, "நாராயணா!" என்று தவழ்ந்து வந்தார். அப்பாவைத் தூக்கித்தான் எடுத்தோம்.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்று அழுதாள் அம்மா.

"எதிரிதான் புகை போடுறான்னு நெனச்சோம்." அப்பா இருமி முடித்து என் தலையைத் தடவினார். "ஆனா ஷெர்லின் மூச்சு விடல பாருங்க சாமி. படைக்கு ஏத்த பொண்ணு!"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அவங்க இருமலைன்னா, நீ எப்பதான்டி சொல்லியிருப்ப?"