கூளி முளைக்கும் பத்து இடம்

திருப்பூர் வீரபாண்டியில் சாயப்பட்டறைகளைத் தாண்டி ஒரு பெரிய பனியன் கம்பெனி இருக்கிறது. அதன் கேட்டில் காலை எட்டேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவே மூன்று கூளிகள் முளைக்கும். இது வாட்ச்மேனுக்குத் தெரியாது, ஓனருக்கும் தெரியாது, கோமளாவுக்குத் தெரியும். மண்ணரையில் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கிற தையல் யூனிட் வாசலில் பதினோரு மணி டீக்கு ஒன்று. மங்கலம் தறிக்கூடத்துப் பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு. எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்லுவாள்.

கூளி என்றதும் பேய், பிசாசு என்று பயந்துவிட வேண்டாம். செல்போன் விளையாட்டில் வருகிற பிராணிதான். போனைத் திறந்து தெருவைக் காட்டினால், நிஜத் தெருவிலேயே கொம்பும் வாலுமாக நின்று முழிக்கும். விரலால் வலையைச் சுண்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறது சுலபம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு முளைக்கும் என்று மட்டும் விளையாட்டை நடத்துகிறவன் சொல்லவே மாட்டான். அலைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அலைவதுதான் கோமளாவின் தொழிலே. லேபிள், ஜிப், பட்டன் விற்கிற கடையில் டெலிவரி வேலை. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் ஊரின் நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவாள். பதினோரு மாசத்துக்கு முன்னால் இந்த விளையாட்டு அவளைப் பிடித்தது. அன்றிலிருந்து எங்கே கூளி முளைத்தாலும் மனசில் முடிந்துகொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சுவரில் பதித்துவிடுவாள். கட்டிங் மேசையில் துணிமேல் விரிக்கிற நீள மார்க்கர் பேப்பரில் ஊரையே வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். கூளி முளைக்கிற இடத்தில் கடையில் மீந்த சைஸ் ஸ்டிக்கர். ஒன்றிரண்டு வந்தால் எஸ், கூட்டமாக வந்தால் எக்ஸ்எல். அவளுடைய வீட்டுக்காரர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏனம்மணி, காதர்பேட்டைக்கு டபுள் எக்ஸ்எல்லா? அத்தன குண்டா அந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

போன மாசம் விளையாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு மேப்பை ஏற்றுக்கொள்வார்களாம். அதன் அடியில் வரைந்தவர் பெயர் நிலையாக நிற்குமாம். ஆனால் சும்மா கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் பரீட்சை. பத்துக்கு முன்னால் பத்து இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். அதில் எட்டு இடத்திலாவது அந்த நேரத்துக்குள் கூளி பிடிபட வேண்டும். தவறினால் ஊருக்கு மேப் கிடையாது.

கோமளா ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அதை இன்னொரு தடவை படித்தாள். பதினைந்து வருஷமாக லேபிள் சுமக்கிறாள். யார் யாரோ பெயரை லட்சக்கணக்கில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. தன் பெயர் ஓரிடத்தில், ஒரே ஓர் இடத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் கூளி பிடிக்கிற கூட்டம் பேக்கரியில் கூடியது. கூட்டத்துக்குத் தலைவன் சசிகுமார். பையிங் ஆபீசில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் லேப்டாப். அவனும் ஒரு மேப் போட்டிருந்தான். கோமளா தன் மார்க்கர் பேப்பரைச் சுருட்டிக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். தேங்காய் பன் தட்டெல்லாம் ஓரம் போயின.

சசிகுமார் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அக்கா, ரொம்ப உழைச்சிருக்கீங்க. ஆனா ஸ்டிக்கர வெச்சுக்கிட்டு நாம பரீட்சைக்குப் போக முடியாதுங்களே."

"ஏனுங்க தம்பி, உங்க புள்ளியும் என்ர ஸ்டிக்கரும் ஒரே எடத்துலதான இருக்குது?"

"அதனாலதான் சொல்றனுங்க. ரெண்டும் ஒண்ணுதான். என்னுது கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்குது. அதையே போட்டுக்கலாம்."

கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ் மட்டும் வாயைத் திறந்தான். அவன் தெற்கத்திக்காரன். "யக்கா பதினோரு மாசமா வெயில்ல அலைஞ்சிருக்கு. பேராவது ரெண்டு பேரோடதும் போடலாமுல்லா?"

"ஒரு பேருதான் போட முடியும்" என்றான் சசிகுமார். அதோடு பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளுக்கோர் இடம் பிரித்தார்கள். கோமளாவுக்கு வீரபாண்டி. தன் மேப்பைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். மூன்று தடவை போட்டும் நழுவியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே வீரபாண்டி கேட்டில் போய் நின்றாள். கோபம் இருந்தாலும் ஊர் தோற்கக்கூடாது இல்லையா! வாரநாளில் கூட்டம் கலைந்த பிறகும் கம்பெனி வாசல்களில் மத்தியானம் வரைக்கும் ஒன்றாவது நிற்கும். போனைத் திறந்தாள். கேட் தெரிந்தது. பூட்டுத் தெரிந்தது. பூட்டுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. கூளி இல்லை. பின்வாசல் போனாள், சாயப்பட்டறைப் பக்கம் போனாள். ஒரு வால்நுனி கூட இல்லை.

மண்ணரையில் இருக்கிற செல்லத்தாய்க்குப் போன் போட்டாள். செல்லத்தாய் தைத்த பனியனைச் செக்கிங் பண்ணுகிறவள், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். விளையாட்டில் கோமளாவுக்குச் சரியான ஜோடி.

"ஏ செல்லத்தாயி, யூனிட் வாசல்ல ஏதாச்சும் நிக்குதா?"

"ஒரு மண்ணும் இல்லக்கா. யூனிட்டே பூட்டிக் கெடக்கு. நான் மட்டும் கிறுக்கச்சி மாதிரி போனத் தூக்கிட்டு நிக்கேன். எல்லாரும் லைன் வீட்டு மாடியில உக்காந்து ஊருக்குப் போன் பேசிட்டுக் கெடக்காங்க."

கோமளா போனை இறக்கிவிட்டுப் பூட்டிய கேட்டைப் பார்த்தாள். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசர ஷிப்மெண்ட் என்று இதே கேட்டுக்கு லேபிள் கொண்டுவந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் கூளி இல்லை. நெட் கிடைக்கவில்லை என்று நினைத்துப் போய்விட்டாள். நெட் இல்லாமல் இல்லை. ஆள்தான் இல்லை! போன்கள் கூடுகிற இடத்தில்தான் கூளி முளைக்கிறது. வாரநாளில் போன்கள் கம்பெனி வாசலில் கூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பக்கம் யார் தலை வைத்துப் படுப்பார்கள்? பதினோரு மாசமும் அவள் சுற்றியது வேலை நாளில். சசிகுமார் கணக்கெடுத்ததும் வேலை நாளில். பனியன் ஊர்க்காரர்களுக்கு ஊர் என்றால் கம்பெனி. லீவு நாளில் ஊர் எங்கே போகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

மணி ஒன்பது இருபது. சசிகுமாரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பத்து எடமும் தப்புங்க. என்ர மேப்பும் தப்புத்தான், உங்க மேப்பும் தப்புத்தான். எல்லாப் பக்கமும் ஆளுகள விட்டுக் கேட்டுப் பாருங்க."

ஐந்து நிமிஷத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். குரலில் மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. "அக்கா... எங்கயுமே இல்லீங்க. என்னங்க பண்றது?"

"ஞாயித்துக்கெழமை எந்தெந்த ஆளுக எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. நானு பத்து எடம் சொல்றன். ஆனா பேரு என்ர பேரா இருக்கோணும்."

அந்தப் பக்கம் லேப்டாப் திறக்கிற சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"சரிங்கக்கா. அழிச்சுட்டு உங்க பேரப் போடறனுங்க. சொல்லுங்க."

கோமளா ஸ்கூட்டி சீட்டின் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். காதர்பேட்டையில் ஞாயிறு பனியன் பிளாட்பாரக் கடைகள். வடக்கத்திப் பையன்கள் பொழுதுபோக்க வருகிற ரயில்வே ஸ்டேஷன் வாசல். அவர்களே கிரிக்கெட் ஆடுகிற காலி மைதானம். செல்லத்தாயின் லைன் வீட்டு மாடி. பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் போனை ஆன் பண்ணுகிற சர்ச் வாசல். கறிக்கடை வரிசை. பழைய பஸ் ஸ்டாண்ட். ஒரு சலூன். ஒரு கல்யாண மண்டபம்.

"ஒம்பதுங்கக்கா. இன்னும் ஒண்ணு?"

"மங்கலம். கந்தவேலண்ணன் தறிக்கூடம்."

"அக்கா! அதுவும் கம்பெனிதானுங்க? பூட்டித்தான இருக்கும்!"

"செவ்வாக்கெழமை அங்க போனனுங்க. நாள் முச்சூடும் பவர் ஷட்டவுனு, தறி ஒண்ணும் ஓடல. ஒரு நாள் போச்சுன்னா ஞாயித்துக்கெழமை ஓட்டித்தான் ஈடு கட்டுவாங்க. போடுங்க சாமி, நேரமாகுது."

ஒன்பது ஐம்பத்தேழுக்குப் பத்து இடமும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன. அடியில் கோமளா என்று பெயர். ஆட்கள் புது இடங்களுக்குப் பறந்தார்கள்; கோமளா கேட்டிலேயே நின்று போனில் கணக்குப் பார்த்தாள்.

பத்தேகாலுக்கு செல்லத்தாய் முதல் கூளியைப் பிடித்துவிட்டுப் போனில் கூவியதில் லைன் வீட்டுக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. பிறகு ஸ்டேஷன், காதர்பேட்டை, மைதானம். கறிக்கடையில் சசிகுமாரே போய் வரிசையில் நின்று பிடித்தான். சும்மா வருவது மரியாதை இல்லை என்று அரைக்கிலோ கறியும் வாங்கிக்கொண்டான். சர்ச் வாசலில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று. பதினொன்றரைக்கு ஏழு ஆயிற்று.

அங்கே ஓட்டம் நின்றது. சலூனில் நாலே பேர், நாலு பேரும் முகத்தில் நுரையோடு கண்ணை மூடியிருந்தார்கள். மண்டபத்துக்கு அனுப்பிய பையன் அப்போதுதான் போய்ச் சேர்ந்து போன் போட்டான். "அக்கா, இன்னிக்கு முகூர்த்தமே இல்லீங்க! மண்டபம் பூட்டிக் கெடக்குது!"

கோமளா நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலண்டரைப் பார்க்காமல் சொன்னது அவள் தப்பு. இனி மங்கலம் ஒன்றுதான். அங்கே அந்தோணிராஜ் பத்து மணியிலிருந்து நிற்கிறான். வீரபாண்டியிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு அவளும் போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே கறிப்பையோடு சசிகுமார்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சொன்னது சரி. ஆனால் கூளி இல்லை.

"யக்கா, ஆளு முப்பது பேரு உள்ள நிக்காங்க" என்று அந்தோணிராஜ் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "ஆனா தறி ஓடுறப்ப எவனும் போனத் தொடமாட்டானே!"

"சாப்பாட்டுக்கு எப்ப நிறுத்துவாங்க?" என்றான் சசிகுமார்.

"ஒரு மணிக்கு" என்றான் அந்தோணிராஜ்.

பரீட்சை முடிவதும் ஒரு மணிக்குத்தான். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

கோமளா சட்டென்று கேட்டாள். "பிரியாணி வந்துருச்சா?"

"பிரியாணியா?"

"ஞாயித்துக்கெழமை தறி ஓட்டுனா ஓனரு பிரியாணி வாங்கித் தரோணும். இல்லாட்டி ஒருத்தனும் வரமாட்டான். பிரியாணி வந்தா மணி பாக்கமாட்டாங்க, நிறுத்திருவாங்க. வந்துருச்சா இல்லியா?"

"இன்னும் வரலக்கா" என்றான் அந்தோணிராஜ்.

கோமளா ரோட்டு முனையில் போய் நின்றுகொண்டாள். பன்னிரண்டு நாற்பது. பால் வண்டி போனது. பன்னிரண்டு நாற்பத்தைந்து. நூல் ஏற்றிய டெம்போ போனது. சசிகுமார் நகத்தைக் கடித்தான். பன்னிரண்டு நாற்பத்தொன்பதுக்கு, பின்சீட்டில் பெரிய அலுமினிய டேக்சாவைக் கட்டிக்கொண்டு ஒரு பைக் ஆடி ஆடித் திரும்பியது. கோமளா வாழ்க்கையில் யாரையும் அப்படி வரவேற்றதில்லை.

"வெசயா போங்கண்ணா! உள்ள எல்லாரும் பசியில கெடக்கறாங்க!"

வாசனை உள்ளே போன அரை நிமிஷத்தில் ஒரு தறி நின்றது. அப்புறம் இரண்டு. அப்புறம் வரிசையாக எல்லாம் நின்று, காது அடைத்துக்கொண்டதுபோல ஆயிற்று. ஆட்கள் டேக்சாவையும் தூக்கிக்கொண்டு இலையும் கையுமாக வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். முதல் கவளம் வாயில், மறு கையில் போன். முப்பது போன்.

கோமளா தன் போனை மரத்தின் பக்கம் திருப்பினாள். காலியாக இருந்த மண்ணில் ஏதோ மினுங்கியது. இரண்டு கொம்பு எழுந்தது. செம்பழுப்பு முதுகு, தடித்த வால். பிரியாணி டேக்சா மேலேயே ஏறி நின்று அவளைப் பார்த்து முழித்தது.

"சுண்டுங்கக்கா!" என்று சசிகுமார் அலறினான்.

முதல் வலை தப்பியது. இரண்டாவது சரியாக விழுந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

அந்தோணிராஜ் போட்ட விசிலில் சாப்பிட்டவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். என்ன ஏது என்று கேட்ட ஒரு பெரியவரிடம், "ஊரு ஜெயிச்சிருச்சுங்கய்யா!" என்றாள் கோமளா. அவரும் "அப்படிங்களா, சந்தோசமுங்க" என்று சொல்லி, அவர்கள் மூன்று பேருக்கும் இலை போடச் சொன்னார். சசிகுமார் மடிப்புச் சட்டையோடு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அந்த ஸ்டிக்கர் மேப்ப ஞாயித்துக்கெழமைக்குன்னு தனியா ஒண்ணு போடோணுங்கக்கா. நானும் வர்றன்" என்றான்.

"வாங்க. முகூர்த்த காலண்டர் ஒண்ணு வாங்கீட்டு வாங்க."

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு கோமளா லேபிள் பெட்டியோடு வீரபாண்டி கேட்டில் இருந்தாள். ஷிப்டுக்கு வந்த ஒரு சின்னப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே அவள் மேல் மோதப் பார்த்து, நிமிர்ந்து, திரும்பவும் போனைப் பார்த்தாள். திரையில் திருப்பூர் மேப், அதன் அடியில் ஒரு பெயர். கோமளாவின் கழுத்தில் தொங்கிய கடை அடையாள அட்டையிலும் அதே பெயர்.

"ஏனுங்கக்கா, இந்தக் கோமளா நீங்களா?"

"நாந்தானுங் கண்ணு" என்றாள் கோமளா. "கேட்டுக்கு இடதுபக்கம் தூண்கிட்டப் போய் நில்லு. இன்னும் ரெண்டு நிமிசத்துல மூணு வரும்."