கடைவாய்ப் பல்

பேச்சு வராத மகள் றிஸ்னா தன் கன்னத்தில் தானே அறையத் தொடங்கியபோது, அதுவும் பிறவிக் குணம்தான் என்று ஸுல்பா நினைத்தாள். ஓதிய தண்ணீர் பருக்கினாள், பனங்கட்டி கொடுத்தாள், அதற்கும் அடங்காவிட்டால் சால்வையால் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினாள். கன்னம் வீங்கிய பிறகுதான் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

"கடைவாய்ப் பல் சீழ் பிடிச்சிருக்கு," என்றார் பல் டொக்டர். "எவ்வளவு நாளா அடிக்கிறா?"

"நோன்புக்கு முந்தியிருந்து." இப்போது மூன்று மாதம் தாண்டி ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்துவிட்டது. "நோகுதெண்டு சொல்லப் புள்ளைக்கு வாய் இல்லையே, டொக்டர்."

"சொல்லிக்கொண்டுதானே இருந்திருக்கிறா, அம்மா."

பல்லைப் பிடுங்கியபின் வீடு வந்தார்கள். வழி முழுக்க றிஸ்னாவின் கை கன்னத்துக்குப் போகவே இல்லை.

பகல் லுஹர் தொழத் தலையில் போடுவதற்காக ஸுல்பா அந்தச் சால்வையை உதறி எடுத்தாள். பாயில் இருந்த மகள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.