முன்வரிசை மேசை

எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டமானாலும் ஆட்கள் பின்னாலிருந்துதான் உட்கார ஆரம்பிப்பார்கள். தேவாலயமும் அப்படித்தான், பள்ளிக்கூடக் கூட்டமும் அப்படித்தான். முன்வரிசை என்பது மாட்டிக்கொண்டவர்களுக்கு. அந்தச் சனிக்கிழமை மாட்டிக்கொண்டது நானும் டுவேனும்.

டுவேன் என் கணவன். காஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் நாற்பது நிமிஷம் முன்னதாகப் போய் நிற்கிற பிறவி. முதலில் வந்தவர்களுக்கு முதல் மேசை என்று சொல்லி, வாசலில் நின்ற பெண் எங்களை மேடைக்கு அடியிலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் இருபது வருஷத்துக்கு முன்பே பிழைத்திருப்பேன்.

நகைச்சுவை நிகழ்ச்சி அது, டிக்கெட் இலவசம். சூதாட்ட விடுதிக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை தபாலில் அனுப்புவார்கள், ஸ்லாட் மெஷினில் நாங்கள் தொலைத்ததற்கு நன்றியாக. பஃபேயில் காட்டரிசி சூப்பும் வறுத்த கோழியும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். டுவேன் கோழியைப் பற்றி நன்றாக இருக்கிறது என்றான். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். சாப்பாட்டு நேரப் பேச்சு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை என் தம்பி வெர்லின் டுலூத்திலிருந்து வண்டி கொண்டுவருவான். அங்கே எனக்கு மட்டும் ஓர் அறை வீடு வாடகைக்கு எடுத்துவிட்டேன். டுவேனிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று வாரமாகச் சொல்லப் பார்க்கிறேன். வரும் வழியில்கூட இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை சாலையோரம் மான் நிற்கிறது என்று காட்டினான். இன்னொரு தடவை ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. முப்பத்துநாலு வருஷத்தில் நான் மரத்துப்போய்விட்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அழுகையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை.

மேடைக்கு வந்த பையன் பெயர் கெல்வின், மில்வாக்கிக்காரன். முதலில் எங்கள் பனியைக் கிண்டல் செய்தான். பிறகு, நாங்கள் விருந்துக்குப் போன வீட்டில் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவதைக் கிண்டல் செய்தான். உண்மைதான். அரங்கம் சிரித்தது. டுவேன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, கேட்டுட்டுதான இருக்கீங்க? இல்ல பார்க்கிங்லயே உறைஞ்சுட்டீங்களா?" என்று அவனிடம் குனிந்தான் கெல்வின்.

டுவேன், கேட்கிறேன் என்றான். அதற்கே சிரித்தார்கள். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு முப்பத்துநாலு என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். வருஷக் கணக்கைச் சொன்னால் எங்கள் ஜனங்கள் கை தட்டியே தீருவார்கள். அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கெல்வின் மைக்கை என் பக்கம் நீட்டினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. முப்பத்துநாலு வருஷம் எப்படித்தான் தாக்குப்பிடிச்சீங்க? என்ன ரகசியம்?"

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யாரோ கேட்டார்கள், அதனால் இருக்கலாம்.

"ரகசியம் ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை நான் வீட்ட விட்டுப் போறேன். இவர்கிட்ட இன்னும் சொல்லல."

அரங்கம் வெடித்தது. பின்னால் யாரோ மேசையை அடித்தார்கள். கெல்வின் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டான். இதற்கு மேல் நான் எதைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைப்பது என்று புலம்பினான். பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஒரு பீர் வாங்கி அனுப்பினார். திரும்பிப் பார்த்தேன். டுவேனும் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லோரையும்விடச் சத்தமாக, தோள் குலுங்க.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொல்லியாகிவிட்டது, ஆனால் சொல்லாத மாதிரியே இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்ற அலுப்பு மட்டும் இருந்தது. மிச்ச நிகழ்ச்சி முழுக்க அந்தப் பையன் எதைச் சொன்னாலும் 'திங்கட்கிழமை' என்றுதான் முடித்தான், ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். நான் பீரைக் குடித்தேன்.

வெளியே வரும்போது வாசலில் கெல்வின் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற ஒரு தடித்த மனிதர் டுவேனின் முதுகில் தட்டி, உங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் ஜோக் அடிப்பார்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. இவளுக்கு ஜோக் சொல்ல வராது. இத்தன வருஷத்துல ஒண்ணுகூடச் சொன்னதில்ல" என்றான் டுவேன்.

அந்த ஆள் அதற்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கெல்வின் என் கையைப் பிடித்தவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு டுவேனைப் பார்த்தான். கையை மெல்ல விட்டான்.

வண்டி சூடாகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் பனி உருக நேரமாயிற்று.

"வெர்லினா வரான்?" என்றான்.

ஆமாம் என்றேன். நீ ஏன் அப்படிச் சிரித்தாய் என்று கேட்டேன்.

"அத்தன பேர் உன்னையே பாத்துட்டிருந்தாங்க. நான் சிரிக்காம இருந்தா உனக்குத்தான அசிங்கம்."

பிறகு கியரைப் போட்டான். விடுதியின் விளக்குகளைத் தாண்டி, ஏரிச் சாலைக்கு வந்த பிறகுதான் மறுபடி பேசினான்.

"அவன் வண்டி டயர் தேஞ்சு கெடக்கு. திங்கக்கிழமை பனி கொட்டும்னு சொல்றாங்க. நாளைக்கே போயிடு. நானே கொண்டுபோய் விடறேன்."

அவன் கத்தினால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அழுதால் என்ன சொல்வது என்றும் வைத்திருந்தேன். ஏன் போகிறாய் என்று கேட்டால் சொல்லத்தான் நிறைய வைத்திருந்தேன். கேட்டிருந்தால் போயிருக்கவே மாட்டேனோ என்னவோ. எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கும்போது, சரி, நாளைக்கே போகிறேன் என்றேன்.