அளவுக்குழாய்க்கு ஊற்றிய தண்ணீர்

நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச ஆரம்பித்தால், மேடையில் இருக்கும் பாட்டில்கள் காலியாகும்வரை நிறுத்தமாட்டார். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. மனைவியும் அப்படியே கூப்பிட்டாள். அவள் வாயில் மட்டும் அந்தச் சொல்லில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அவருடைய தங்கையின் தோட்டத்து வேலியோரம் மூடி போட்ட இரும்புக் குழாய் ஒன்று நின்றது. யாரும் தண்ணீர் எடுக்க அல்ல. மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க அரசாங்கம் போட்டது. வருஷத்துக்கொரு முறை அதிகாரி வந்து அளவு நாடாவை உள்ளே இறக்குவார். நுனி தண்ணீரைத் தொட்டதும் கையிலிருக்கும் கருவி கீச்சென்று கத்தும். நீர்மட்டத்தை உயர்த்திய ஊருக்கு விருது என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து தலைவருக்கு அந்தக் குழாய்மேல் பெற்ற பிள்ளைமேல் இல்லாத பாசம் பொங்கியது.

நீர்மட்டம் பொங்கவில்லை. குழு கூடியது, தீர்மானம் போட்டது, டீ குடித்தது. மட்டம் தன்பாட்டுக்கு இறங்கியது.

அதிகாரி வருகிற அன்று மதியம், ஊர் உண்டு மயங்கிய நேரத்தில், தலைவர் ஒரு ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். தங்கை நாற்றுத் தட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் கடை படுத்த பிறகு அவள் குடும்பம் அந்தக் காய்கறி நாற்றுகளில்தான் நிமிர்ந்து நின்றது.

"என்னண்ணா, இரும்புக்கும் தாகமா?"

"ஊருக்கு நல்ல பேரு வரும்மா. கொஞ்ச நேரம் உன் கிணத்து மோட்டாரைப் போடு."

"ஊத்தினா உள்ள இறங்கிடாதா?"

"அவர் வர்ற வரைக்கும் நின்னாப் போதும்."

அவள் சிரித்துக்கொண்டே மோட்டாரைப் போட்டாள். "ஸ்கூல்ல உயரம் அளக்கும்போது குதிகாலைத் தூக்கிட்டு நிப்பியே, நீ இன்னும் இறக்கவே இல்லண்ணா."

அன்று நாடா பாதிதூரம் போகுமுன்பே கருவி கத்திவிட்டது. கேடயம் வந்தது. அதில் 'நீர்க்காவலர்' என்று பொறித்திருந்தது. "மண்ணுக்குள் ஒரு கடலையே சேர்த்துவைத்திருக்கிறோம்" என்று தலைவர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது.

நீர்மட்டம் தாழ்ந்த ஊர்களில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடத் தடை இருந்தது. கடல் இருக்கிற ஊருக்குத் தடை எதற்கு? எடுத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு அடுத்த நிலத்தைத் தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்று வாங்கி, துளைபோடும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

தங்கை அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அவங்க உறிஞ்சினா என் கிணறு தாங்காதுண்ணா. துளை போட்டுட்டா அப்புறம் யார் சொன்னாலும் மூடமாட்டாங்க. நீதானே தலைவர், நிறுத்து."

அவர் அன்றே அலுவலகத்துக்குப் போனார். அதே அதிகாரி எழுந்து கைகுலுக்கினார்.

"அந்த அளவு நிஜமில்லைங்க," என்றார் தலைவர். "நான் ஊத்தின தண்ணிதான் அது."

அதிகாரி பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "தன்னடக்கத்தைப் பாத்தீங்களா? ஊரே பாடுபட்டுச்சு, நான் சும்மா தண்ணி ஊத்தினேன்கிறார்."

"ரப்பர் குழாய் வெச்சு ஊத்தினேங்க."

சிரிப்பு நின்றது. அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. லாரி இன்னிக்கே நிக்கும். கேடயத்தைத் திருப்பித் தரணும். பேப்பர்லயும் வரும்."

தலைவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். வீட்டில் டிவி மேல் கேடயம் இருந்த இடம் வெறுமையாக இருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. வீதியில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் எழும் சிரிப்பும் கேட்டது. மூடியைத் திரும்பப் போட்டார்.

"நாளைக்கு வந்து எழுதித் தர்றேனே."

"நல்லா யோசிங்க," என்றார் அதிகாரி, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. அவருக்கும் அந்த அளவால் மேலிடத்தில் பாராட்டு வந்திருந்தது.

நாளை என்பது தலைவருக்கு எப்போதும் நீளமான நாள். லாரி வேலையை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனது. கம்பெனியின் மோட்டார் ஓடத் தொடங்கியது. கோடை முடிவதற்குள் தங்கையின் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத் துப்பியது.

தலைவர் தோட்டத்துக்குப் போனபோது அவள் நாற்றுத் தட்டுகளை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் யாரோ பாதி விலைக்குக் கேட்டிருந்தார்கள். தழைகள் துவண்டு கிடந்தன.

"எழுதிக் குடுத்துட்டேன்மா," என்றார்.

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி மோட்டார் சீராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சரி. இந்தத் தட்டைப் பிடி."

வண்டி கொஞ்சம் உயரம். தட்டை உள்ளே தள்ள அவர் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. தங்கை அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.